ஜெகதீசு கையை உடைத்தவன்

துளசிங்கத்தின் உடம்பில் பாதி அவனைப் பெற்றவர்கள் கொடுத்தது. மீதி ஜெகதீஸ்வரன் திருத்தியது.

இடது காதில் மடல் கிடையாது. அதைக் கடித்து மண்ணில் துப்பியவன் ஜெகதீஸ்வரன். கீழ்வரிசையில் இரண்டு பல் கிடையாது. அதுவும் அவன் கைங்கரியம்தான். வலது விலாவில் ஓர் எலும்பு வாடைக்காற்று வீசினால் போதும், உள்ளே கதவு திறந்து மூடுவதுபோலக் கிறீச்சிடும். துடுப்பால் அந்தக் கதவை வைத்தவனும் அவனே.

துளசிங்கமும் சும்மா இருந்துவிடவில்லை. ஜெகதீஸ்வரனின் மூக்கு இருபது வருஷமாக ஆந்திரா பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. தெற்கே நடந்தாலும் மூக்கு மட்டும் வடக்கே போகும். அவன் தலையில் வகிடு எடுக்கத் தேவையில்லை, தையல் போட்ட தழும்பே வகிடாகிவிட்டது. எந்நேரமும் வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பான். காரணம் கேட்டால் வாயு என்பான். வாயு இல்லை, துளசிங்கம்.

இரண்டு பேருக்கும் ஒரே வயது, நாற்பத்தெட்டு. ஒரே ஊர். கோட்டைக்குப்பத்தைத் தாண்டி, ஒருபக்கம் கடலும் மறுபக்கம் பழவேற்காடு ஏரியுமாக நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குப்பம் அது. சண்டை போட்டால் ஓடி ஒளிய இடம் கிடையாது. அதனால்தான் இரண்டு பேரும் ஓடவே இல்லை.

எல்லாம் பாட்டில் ஆரம்பித்தது. பாடு என்றால் ஏரியில் வலை கட்டும் முறை. அந்தக் குப்பத்துக்கு ஏரியில் மூன்று இடம். இறால் தானாக வந்து விழும் பெருமடை, சுமாரான நடுமடை, அப்புறம் கடவுள் ஏதோ கோபத்தில் படைத்த சேத்துப்பாடு. பாட்டுக்காரர்கள் மொத்தம் ஐம்பத்திநாலு பேர். ஒரு நாளைக்கு மூன்று பேர் வலை கட்டலாம். ஆக, ஒருவனுக்குப் பதினெட்டு நாளைக்கு ஒருமுறை பாடு வரும். மற்ற நாளில் கடலுக்குப் போகலாம், சீட்டாடலாம், பெண்டாட்டியிடம் திட்டு வாங்கலாம், அவரவர் சௌகரியம். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதை வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் வாசலில் பானைக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். எடுத்தது எடுத்ததுதான், வருஷம் முழுக்க அதே இடம். கல்யாணமான ஆண்பிள்ளைக்குத்தான் பாட்டில் பேர் சேரும்.

துளசிங்கத்துக்கும் ஜெகதீஸ்வரனுக்கும் ஒரே மாதத்தில் கல்யாணம் ஆனது. அந்த வருஷச் சீட்டில் இரண்டு பேரும் புதுசு. இரண்டு பேரும் பட்டு வேட்டி. ஜெகதீஸ்வரன் முதலில் கையை விட்டான். பெருமடை வந்தது. துளசிங்கம் அடுத்ததாகக் கையை விட்டான். சேத்துப்பாடு.

"சேறு மெத்து மெத்துனு இருக்கும்டா. பாய் தேவையில்ல. புதுப் பொண்ணையும் இட்டுகினு போ" என்றான் ஜெகதீஸ்வரன்.

ஊரே சிரித்தது. பின்னால் நின்ற புதுப் பொண்ணு வேலம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். துளசிங்கத்துக்கு மற்ற ஐம்பத்திரண்டு பேர் சிரித்தது காதில் விழவில்லை. அன்றைக்கு இரண்டு காதும் முழுசாகவே இருந்தன, ஆனாலும் விழவில்லை. ஜெகதீஸ்வரனின் சிரிப்பு மட்டும் விழுந்தது. அது நிற்கும்வரை குத்தினான். பதிலுக்குத் துளசிங்கத்தின் கீழ்ப்பல் இரண்டும் சீட்டுப் பானைக்குள் போய் விழுந்தன. ஊர்த் தலைவரான நாட்டார் பானையைக் கவிழ்த்து, பல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சம் பேருக்குச் சீட்டை நடத்தினார்.

அதன்பிறகு இருபத்திநாலு வருஷம், வேலையும் சண்டையும் ஒன்றாகவே நடந்தன. ஜெகதீஸ்வரன் வலை கட்டும் கழியை ஐந்து விரல் கூடுதலாகச் சீவினால் துளசிங்கம் ஏழு விரல் சீவுவான். துளசிங்கம் விடியலில் நாலு மணிக்குத் தோணியைத் தள்ளினால் மறுபாட்டில் ஜெகதீஸ்வரன் மூன்றரைக்குத் தள்ளுவான். தன் பாட்டு நாளில் துளசிங்கம் எத்தனை கூடை இறால் பிடித்தாலும் வீட்டுக்கு வரமாட்டான். ஜெகதீஸ்வரன் போன பாட்டில் எத்தனை கூடை பிடித்தான் என்று நாலு பேரிடம் கேட்டு, ஐந்தாவது ஆள் பொய் சொல்கிறானா என்று பார்த்து, அப்புறம்தான் சோறு. தன் கூடை ஒன்று அதிகமென்றால் அன்றைக்கு ஜெகதீஸ்வரன் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போவான். ஒன்று குறைவென்றால் ஜெகதீஸ்வரன் இந்த வழியாக வருவான். எந்த வழியாக வந்தாலும் கடைசியில் அடிதான்.

ஒருமுறை துளசிங்கத்துக்கு மஞ்சள் காமாலை. இருபது நாள் பாயோடு கிடந்தான். கஞ்சி இறங்கவில்லை, கண்ணைத் திறக்கவில்லை. வேலம்மா தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது ஜெகதீஸ்வரன் ஒரு கூடையோடு உள்ளே வந்தான். ஏதோ பழம் கொண்டுவந்திருக்கிறான் என்று அவள் எழுந்து வழிவிட்டாள். கூடையைப் பாய்மேல் கவிழ்த்தான். அத்தனையும் உயிர் நண்டு.

"எழுந்து ஓடறானா பாப்போம்" என்றான்.

ஓடினான். கால் கட்டைவிரலில் ஒரு நண்டு தொங்க, இடுப்பில் துணி நிற்காமல், ஏரிக்கரை வரைக்கும் ஜெகதீஸ்வரனைத் துரத்திக்கொண்டு ஓடினான். பிடித்து மூன்று குத்து குத்திவிட்டு அங்கேயே விழுந்தான். அன்றைக்கு ராத்திரி கஞ்சி இறங்கியது. காமாலைக்கு எந்த வைத்தியர் பார்த்தார் என்று யாராவது கேட்டால் வேலம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

துளசிங்கத்தின் மகள் பூவிழி பொன்னேரியில் கல்லூரிக்குப் போனாள். ஆங்கிலம் இரண்டாம் வருஷம். போன புரட்டாசியில் ஒருநாள், துளசிங்கம் வாசலில் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, காம்பெட்டிடருக்கும் ரைவலுக்கும் இன்னா வித்தியாசம், சொல்லு பாப்போம்."

"எந்த ஊர்க்காரனுங்கோ?"

"ஐயோ, ஆளுங்க இல்ல நைனா. வார்த்த. ரெண்டுமே போட்டி போடறவன்தான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. உதாரணத்தோட எழுதிகினு வரச் சொன்னாங்க மேடம்."

"போட்டின்னா போட்டி. அத்துல இன்னா ரெண்டு?"

"காலைல பொன்னேரி ஸ்டேஷன்ல ரயில் வந்தா சீட்டுக்கு ஓடறோம்ல? அத்தினி பேரும் எனக்கு காம்பெட்டிடர். பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது. எனக்கு சீட்டு கெடச்சதுன்னா அவ்ளோதான், மறந்துடுவேன். ரைவல் அப்டி இல்ல. அவன் ஒருத்தன்தான். எனக்கு சீட்டு கெடச்சாலும், அவன் எங்க குந்திகினு கீறான்னு தலைய நீட்டிப் பாப்பேன். வரலன்னா, ஏன் வரலன்னு பாப்பேன்."

துளசிங்கத்தின் கை வலையில் நின்றது.

"அந்தக் காலத்துல லத்தீன் பாஷையில ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கறவங்களுக்குத்தான் அந்தப் பேராம். அத்துலேர்ந்துதான் ரைவல்னு வந்துச்சாம்."

"அப்ப எவனோ நம்ம பாட்டப் பாத்துட்டுப் போய்தான் சொல்லியிருக்கான். இங்க டச்சுக்காரன் கல்லறை கீதுல்ல, அதுல படுத்துகினு கீறவன்ல எவனாவது ஒருத்தனா இருக்கும்" என்றான் துளசிங்கம். "சரி, நீ இன்னா எழுதின?"

பூவிழி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எங்க பாட்டுல ஐம்பத்திநாலு பேரு. எங்க நைனாவுக்கு ஐம்பத்திரண்டு பேரு காம்பெட்டிடர்னு எழுதினேன்."

"நான் ஒருத்தன் போனா ஐம்பத்திமூணு வருதே?"

"ஆமா, வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

"அந்தப் பேமானி பேர நோட்டுல எழுதாத! ஃபெயில் ஆயிடுவ!" என்று துளசிங்கம் பின்னாலேயே கத்தினான்.

தீபாவளி முடிந்து நாலாம் நாள் சேதி வந்தது. வலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஒருத்தன், நடையை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனான். "ஜெகதீசு கை உடைஞ்சிடுச்சு. வலது கை. ரெண்டு எலும்பும் போச்சாம்."

துளசிங்கம் எழுந்து நின்றுவிட்டான். "யாரு அடிச்சது?"

"யாரும் அடிக்கல. கக்கூஸுக்கு அவன் பொண்டாட்டி எல்லம்மா புதுசா டைல்ஸு போட்டாள்ல, அதுல வழுக்கிட்டான்."

துளசிங்கம் சிரித்தான். விலாக் கதவு கிறீச்சிட்டும் விடவில்லை. ஆறடி ஆள், துடுப்படி வாங்கியும் கீழே விழாதவன், சோப்புத் தண்ணியில் மல்லாந்திருக்கிறான்! சாயங்காலம் வரைக்கும் சிரித்தான். விளக்கு வைத்த நேரத்தில் சிரிப்பு எங்கேயோ மாட்டிக்கொண்டது. இருபத்திநாலு வருஷம் தானும் எவ்வளவோ அடித்துப் பார்த்திருக்கிறான். கழியால், கல்லால், ஒருமுறை நங்கூரத்தால்கூட. அந்தக் கை உடைந்ததே இல்லை. எங்கிருந்தோ வந்த ஒரு சதுரக் கல் உடைத்துவிட்டது.

பாட்டில் ஒரு சட்டம் உண்டு. முதல் கழியை உரியவன் தன் இரண்டு கையாலும் ஊன்ற வேண்டும். ஆள் வைத்து ஊன்றக் கூடாது. இல்லாவிட்டால் பணக்காரன் பத்துப் பேர் பாட்டை வளைத்துக்கொள்வான் என்று பழைய ஆட்கள் போட்ட சட்டம். தொடர்ந்து மூன்று முறை கழி ஊன்றவில்லையென்றால் பேர் பானையிலிருந்து போய்விடும். அப்புறம் ஜென்மத்துக்கும் திரும்ப வராது.

ஜெகதீஸ்வரனுக்கு இரண்டு பெண்கள், கட்டிக்கொடுத்துவிட்டான். முதல் முறை போனது. இரண்டாவதும் போனது. பொன்னேரியில் போட்ட மாவுக்கட்டு அப்படியே இருந்தது.

ஊரில் துளசிங்கத்தைப் பார்த்தவர்களெல்லாம் புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒருவன் டீ வாங்கிக்கொடுத்தான். இன்னொருவன் கைகொடுத்தான். "ஜெயிச்சுட்ட துளசிங்கம்! இருபத்திநாலு வருஷப் பகை, டைல்ஸுக்காரன் முடிச்சு வச்சான்."

"ஐம்பத்திமூணு பேர் ஆனா நம்ம பாடு எவ்ளோ சீக்கிரம் வரும்?" என்று துளசிங்கம் மகளிடம் கேட்டான்.

பூவிழி கணக்குப் போட்டாள். "எட்டு மணி நேரம், நைனா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். பதினெட்டு நாளுக்கு எட்டு மணி நேரம்."

அவன் அடுத்த பாட்டில் நாலு கூடை டைகர் இறால் பிடித்தான். பத்து வருஷத்தில் அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. நாலையும் தோளிலும் தலையிலும் தூக்கிக்கொண்டு, ஈரம் சொட்ட, ஜெகதீஸ்வரன் வீட்டு வழியாகப் போனான். ஜெகதீஸ்வரன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். துளசிங்கம் கூடையை இறக்கினான். இருமினான். ஒரு இறாலை எடுத்து வெயிலில் பிடித்து, நீளம் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

ஜெகதீஸ்வரன் தலையைத் தூக்கவே இல்லை. தரையில் ஒரு எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காதைக் கடித்தபோதுகூட துளசிங்கத்துக்கு இவ்வளவு அவமானமாக இருக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் இறால் குழம்பு. அவன் தொடவில்லை.

அதற்கு மறுநாள் வேலம்மா தண்ணிக் குழாயிலிருந்து குடத்தோடு சேதியும் கொண்டுவந்தாள். "கும்மிடிப்பூண்டி பக்கத்துல ஏதோ கம்பெனியில வாச்மேன் வேலையாம். ஜெகதீசு போறானாம். சட்டை அளவு கூடக் குடுத்துட்டானாம். எல்லம்மா சொல்லி அழுவறா. வீட்டப் பூட்டிகினு ரெண்டு பேரும் அங்கியே போயிடறாங்களாம்."

துளசிங்கம் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"ஏய், எங்க போற? அவனே ஒத்தக் கையோட கீறான்! கொல பண்ணிடாத!" வேலம்மா குடத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

துளசிங்கம் ஜெகதீஸ்வரன் பக்கமே போகவில்லை. நேராக வீட்டுக்குப் பின்னால் போனான். புதுக் கழிப்பறையின் கதவை உதைத்துத் திறந்தான். ரோஜாப்பூப் போட்ட பளபளப்பான டைல்ஸ். கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கி நடுவில் இறக்கினான். பூ சிதறியது. மறுபடி இறக்கினான். சில்லு பறந்து நெற்றியில் கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிய, தரை, சுவர், மூலை என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடி உடைத்தான்.

எல்லம்மா தலையில் அடித்துக்கொண்டு வந்து நின்றாள். "அடப் பாவி! எங்க கக்கூஸு உன்ன இன்னா பண்ணிச்சு?"

"அத்தக் கேளு, இன்னா பண்ணிச்சுனு!" கடப்பாரை இன்னொரு முறை இறங்கியது. "நேத்து வந்த கல்லு. இவனுக்கு இன்னா தெரியும் ஜெகதீசப் பத்தி?"

ஜெகதீஸ்வரன் சத்தம் கேட்டு வந்தான். கட்டுப் போட்ட கை கழுத்தில் தொங்கியது. சவரம் பண்ணி நாளாகியிருந்தது. இருபது வருஷத்தில் முதல்முறையாக மூக்கு வடக்கே பார்க்காமல் கீழே பார்ப்பதுபோல இருந்தது.

"முடிச்சுட்டியா? அப்பால கெளம்பு" என்றான், அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

துளசிங்கம் வீட்டுக்கு வந்து நெற்றியில் மஞ்சள் வைக்க உட்கார்ந்தபோதுதான் அந்த இன்னொரு சட்டம் ஞாபகம் வந்தது. முன்னொரு காலத்தில் பாட்டுக்காரர்கள் ஒருவன் கையை ஒருவன் உடைத்துப் பானையிலிருந்து பேரை எடுக்கப் பார்த்தார்கள். அதைத் தடுக்கப் போட்டது. பாட்டுக்காரன் இன்னொரு பாட்டுக்காரனை அடித்து முடமாக்கினால், அடிபட்டவன் பேர் போகாது. அவன் கை கூடும்வரை அடித்தவனே அவனுக்காகக் கழி ஊன்றி, வலை இழுத்து, மீனை அவன் வீட்டில் கொட்ட வேண்டும். அதுவரை அடித்தவனுக்குத் தன் சொந்தப் பாடு கிடையாது. அடுத்த சீட்டில் எல்லோரும் எடுத்தபிறகு பானையில் மிஞ்சியதுதான் அவனுக்கு.

வேலம்மாவிடம் சொன்னான். அவள் கையில் கரண்டி இருந்தது. அது முதலில் அவன் முதுகில் விழுந்தது, வார்த்தை அப்புறம்தான் வந்தது.

"உனக்கு மூள கலங்கிடுச்சா? நீ அடிக்கவே இல்ல! அவனுக்காக நம்ம சோத்துல மண்ணப் போடுவியா?"

"அவனுக்காக இல்ல."

"பின்ன யாருக்காக?"

துளசிங்கம் இல்லாத காது மடலைத் தடவிக்கொண்டான். பூவிழி நோட்டை மூடிவிட்டு அம்மா கையிலிருந்து கரண்டியை மெதுவாக வாங்கினாள்.

மூன்றாவது முறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. நாட்டார் கருப்பன் நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. இரண்டு பேர் சண்டையையும் முதல் நாளிலிருந்து பார்த்தவர், பானையிலிருந்து பல் பொறுக்கியவர்.

துளசிங்கம் எழுந்தான். "நாட்டாரே, ஜெகதீசு கையை ஒடைச்சது நான்தான்."

கூட்டத்தில் யாரோ ஒருவன் விசிலடித்தான்.

"அவன் டைல்ஸுல வழுக்கினான்னு ஊருக்கே தெரியுமே" என்றார் நாட்டார்.

"எல்லாம் வெளிய சொல்ற கத. பின்பக்கமா போனேன். சோப்புப் போட்டுகினு இருந்தான். துடுப்பால ஒண்ணு வச்சேன். ஒடைஞ்சுது. சட்டப்படி அவன் பேரு போவக் கூடாது. அவன் வலைய நான் இழுக்கறேன்."

ஜெகதீஸ்வரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஏறியது.

"யாரு, இவனா? இவன் என் கைய ஒடைச்சானா?" ஊரைச் சுற்றிப் பார்த்தான். "நாட்டாரே, இவன் பச்சப் பொய் சொல்றான். இருபத்திநாலு வருசமா முக்கிமுக்கிப் பாத்தும் ஒரு வெரல ஒடைக்கத் துப்பில்லாத சோமாறி இவன்! நான் வழுக்கித்தான் விழுந்தேன். எழுதிக்கோங்க. டைல்ஸு!"

"வாய மூட்றா! நான்தான் அடிச்சேன்!"

"நீ அடிச்சா எனக்குக் கொசு கடிச்ச மாரி இருக்கும்டா!"

"ஜெகதீசு, யோசிச்சுப் பேசு" என்றார் நாட்டார். "அவன் அடிச்சான்னு ஒரு வார்த்த சொல்லு. உன் பேரு பானையில நிக்கும்."

எல்லம்மா கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள். "சொல்லுய்யா! அடிச்சான்னு சொல்லித் தொலையேன்!"

"சொல்லமாட்டேன். பேரு போனாப் போவட்டும். வாச்மேன் சட்டய மாட்டிகினு கேட்டுல நிப்பேன். இவன் கையால அடி வாங்கி முடமானேன்னு மட்டும் சொல்லமாட்டேன்."

நாட்டார் துளசிங்கத்தின் பக்கம் திரும்பினார். "அடிபட்டவனே இல்லன்றான். அவன் போனா உனக்கு நல்லதுதான? நீ ஏன்டா கெடந்து குதிக்கற?"

பூவிழி ரயில் சீட்டைப் பற்றிச் சொன்னது துளசிங்கத்துக்கு ஞாபகம் வந்தது. யாரும் இல்லாத பெட்டியில் ஜன்னல் சீட்டு மொத்தமும் தனக்கே கிடைத்து, தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. இதை எப்படிச் சொல்வது? பஞ்சாயத்தில் இங்கிலீஷ் பேச முடியுமா? அவனுக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான். கோயில் சுவரில் யாருடைய துடுப்போ சாத்தியிருந்தது.

எடுத்தான்.

மாவுக்கட்டு மட்டும் விரிசல் விட்டால் போதும் என்றுதான் நினைத்தான். பாதி வேகத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். எதிரில் ஜெகதீஸ்வரன், "அடி பாக்கலாம், ஒத்தக் காது நாயே!" என்று கட்டுப்போட்ட கையை முகத்துக்கு நேராக நீட்டினான். இருபத்திநாலு வருஷப் பழக்கம் பாதியில் நிற்கவில்லை.

தேங்காய் உடைவதுபோலச் சத்தம். மாவு புகையாகப் பறந்தது. ஜெகதீஸ்வரனின் வாயிலிருந்து வந்த சத்தத்தில் கோயில் புறாவெல்லாம் எழும்பின. கை நடுவில் மடிந்து, மடியக் கூடாத பக்கம் தொங்கியது. துடுப்பு துளசிங்கத்தின் கையிலிருந்து நழுவியது.

அதற்குள் ஜெகதீஸ்வரன் பாய்ந்துவிட்டான். நெற்றியால் மோதி, கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, இடது கையால் முகத்தில் குத்தினான். வலி தாங்காமல் ஒவ்வொரு குத்துக்கும் அவனே அலறினான். துளசிங்கம் கையைத் தூக்கவில்லை. உதடு கிழிந்தது, ஒரு கண் மூடியது, வாயெல்லாம் உப்பாக ரத்தம். ஆறு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. பிரித்தபிறகும் ஜெகதீஸ்வரன் கால்களால் உதைத்துக்கொண்டிருந்தான். கெட்ட வார்த்தை மழையாகக் கொட்டியது. ஒரு மாத பாக்கி மொத்தமும் வந்தது. தரையில் கிடந்த துளசிங்கம் மிச்சம் இருந்த ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்தான். கிழிந்த உதட்டால் சிரிக்க வலித்தது. ஆனாலும் சிரித்தான்.

நாட்டார் கருப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பாட்டுக்காரன் கைய பாட்டுக்காரன் ஒடைச்சான். எல்லாரும் கண்ணால பாத்தோம். எப்ப ஒடைக்கணும், முதல்லியா ரெண்டாவதான்னு சட்டத்துல இல்ல. ஜெகதீசு பேரு நிக்குது. துளசிங்கம் வலைய இழுக்கணும். பஞ்சாயத்து முடிஞ்சுது. எவனாவது ஆட்டோவக் கூப்பிடுங்கடா."

பொன்னேரிக்குப் போன ஆட்டோவில் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நடுவில் வேலம்மாவும் எல்லம்மாவும் சுவர்போல உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் பெண்களுக்கும் சொல்லிக்கொள்ள நிறைய இருந்தது. ஆனால் வழியெல்லாம் புது டைல்ஸை யார் போட்டுக்கொடுப்பது என்றுதான் பேசினார்கள்.

இரண்டு நாள் கழித்து, விடியலில், நடுமடையில் துளசிங்கம் இடுப்பளவு தண்ணியில் நின்று ஜெகதீஸ்வரனின் முதல் கழியை ஊன்றினான். புதுக் கட்டுடன் ஜெகதீஸ்வரன் தோணியில் உட்கார்ந்திருந்தான். ஏரிக்குப் போகவேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"கோணலா கீது."

"நேராத்தான் கீது."

"கண்ணு வீங்கிப் போனவனுக்கு எல்லாம் நேராத்தான் தெரியும். புடுங்கு. மறுபடி ஊணு. கழியா சீவி வச்சிருக்க நீ? பல்லு குத்தற குச்சி!"

துளசிங்கம் பிடுங்கினான். மறுபடி ஊன்றினான். குனிந்தபோது ஜெகதீஸ்வரன் அவன் முதுகில் ஓர் உதை விட்டான். துளசிங்கம் மூழ்கி, நாலு வாய் உப்புத் தண்ணி குடித்து, இருமிக்கொண்டு எழுந்தான். அன்றைக்கு மூன்று கூடை. மூன்றையும் எல்லம்மா வாசலில் கொட்டினான். "நாந்தான் போனமுறை நாலு புடிச்சேன்" என்று மட்டும் சொன்னான். உள்ளிருந்து ஒரு சொம்பு பறந்து வந்து தோளில் பட்டது.

அப்படி ஐந்து முறை இழுத்தான். அந்த மூன்று மாதமும் வேலம்மா கடலோரத்தில் கருவாடு காயவைத்து வீட்டை ஓட்டினாள். அவனோடு பேசவில்லை. ஆனால் ஜெகதீஸ்வரன் பாட்டு நாளில் மட்டும் தூக்குச் சட்டியில் இரண்டு பேருக்குச் சோறு இருக்கும். பூவிழிக்கு அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்த மேடம், உதாரணத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பத்துக்கு ஆறு. துளசிங்கம் அந்தக் கேள்விக்குறியைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தான். "கொக்கி மாரி கீது" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தான்.

சீட்டு நாள் வந்தது. கட்டுப் பிரித்த வலது கையை ஜெகதீஸ்வரன் பானைக்குள் விட்டான். கை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது. மூக்குக்குப் பொருத்தமாக இருந்தது. வெளியே வந்தது பெருமடை.

ஐம்பத்திமூன்று பேர் எடுத்தபிறகு துளசிங்கத்தைக் கூப்பிட்டார்கள். பானையில் கையை விட வேண்டிய அவசியமே இல்லை, நாட்டார் கவிழ்த்துக் கொட்டினார். சேத்துப்பாடு. கடைசி நாள்.

ஊர் சிரித்தது. துளசிங்கத்துக்கு அது காதில் விழவில்லை. அவன் ஒரே ஒரு பக்கம்தான் பார்த்தான்.

ஜெகதீஸ்வரன் மெதுவாக நடந்து வந்து எதிரே நின்றான். "மெத்து மெத்துனு இருக்கும்டா."

"கை எப்டி கீது?" என்றான் துளசிங்கம்.

"பாக்கறியா?"

குத்து நேராக மூக்கில் இறங்கியது. துளசிங்கம் இரண்டடி பின்னால் போய் மணலில் உட்கார்ந்தான். ரத்தம் சூடாக உதட்டில் வழிந்தது. அவன் மூக்கைத் தொட்டு, விரலைப் பார்த்து, தலையை ஆட்டினான்.

"முன்ன மாரியே கீது" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.